உப்பு நீரில் நிற்கப்போகும் புதுப் பான்டூன் படகு: தண்ணீரில் இறக்கும் முன்பும் பின்பும்

பான்டூன் படகை மிதக்க வைப்பவை அடியில் நீளவாக்கில் கிடக்கும் இரண்டு அல்லது மூன்று அலுமினியக் குழாய்கள். குழாயின் சுவர் பெரும்பாலும் 2 முதல் 3 மில்லிமீட்டர் தடிமன்தான். உலோகம் பெரும்பாலும் 5052 வகை. ஏரிக்கும் ஆற்றுக்கும் என்று உருவான இந்தப் படகை, லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு கரைந்த கடல்நீரில் நிறுத்தினால் சீக்கிரமே ஓட்டை விழுந்துவிடும் என்ற பயம் பலருக்கு உண்டு. அந்தப் பயம் பாதிதான் சரி. அலுமினியம் தன்மேல் தானே ஒரு மெல்லிய ஆக்சைடு தோலைப் போர்த்திக்கொள்கிறது. காற்றோ, ஆக்சிஜன் கரைந்த ஓடும் நீரோ படும்வரை அந்தத் தோல் கீறப்பட்டாலும் மீண்டும் வளரும்.

கேடு வருவது இரண்டு இடங்களில். ஒன்று, செம்பு, பித்தளை, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போன்ற வேறு உலோகம் அலுமினியத்தோடு தொட்டுக்கொண்டு உப்பு நீரில் நனையும் இடம். இரண்டு, ஈரம் தங்கிக் காயாமல், காற்றும் புகாமல் கிடக்கும் இடுக்கு. கீழே சொல்லும் வேலைகள் எல்லாமே இந்த இரண்டையும் தடுக்கத்தான். பாதிக்கு மேற்பட்டவற்றைப் படகு முதன்முதலாக நனையும் முன்பே செய்தாக வேண்டும். நனைந்து, உப்பு ஏறி, பாசி பிடித்த பிறகு அதே வேலை மூன்று மடங்கு உழைப்பு கேட்கும்.

படகு எங்கே நிற்கும்?

இதை முதலில் முடிவு செய்யுங்கள். ஓட்டிவிட்டு டிரெய்லரில் ஏற்றிப் போவீர்களா, படகுத்துறையிலேயே லிஃப்டில் தூக்கி நிறுத்துவீர்களா, இல்லை மாதக்கணக்கில் தண்ணீரிலேயே கட்டி வைப்பீர்களா? முதல் இரண்டுக்கும் அடிப்பூச்சு தேவையில்லை. நல்ல தண்ணீரில் கழுவுவதும், குழாய்க்குப் பதிலாகத் தான் கரையும் உலோகக் கட்டிகளான அனோடுகளும் போதும். மூன்றாவதற்கு முழுப் பாதுகாப்பும் வேண்டும். லிஃப்ட் வைக்க வழி இருந்தால் அதற்குச் செலவு செய்வதே புத்திசாலித்தனம். எந்தப் பூச்சும் எந்த அனோடும், தண்ணீருக்கு வெளியே நிற்பதற்கு ஈடாகாது.

டிரெய்லரும் லிஃப்டும் பிரச்சினையே இல்லாதவை என்று நினைத்துவிட வேண்டாம். குழாய் உட்காரும் மரத் தாங்கிகளின் மேல் கம்பளம் சுற்றியிருக்கும். அது கடல்நீரைப் பஞ்சு போல உறிஞ்சி, நாள் முழுக்க அலுமினியத்தின்மேல் ஒற்றடம் போட்டுக்கொண்டிருக்கும். அந்த மரம் செம்பு உப்புகள் ஏற்றிப் பதப்படுத்தியதாக இருந்தால் இன்னும் மோசம். கரைந்து வரும் செம்பு, அலுமினியத்தில் படிந்து குழி குழியாகத் தின்னும். கம்பளத்தைக் கழற்றிவிட்டுப் பிளாஸ்டிக் பட்டைகளைப் பொருத்துங்கள்.

இறக்கும் முன் ஒரு சோதனை

உத்தரவாதப் பத்திரத்தை எடுத்து உப்பு நீர் பற்றிய வரிகளைப் படியுங்கள். உப்பு நீரில் நிறுத்துவதால் வரும் அரிப்பைப் பல தயாரிப்பாளர்கள் விலக்கிவைக்கிறார்கள். சிலர் அனோடும் பூச்சும் இருந்தால்தான் ஏற்கிறார்கள். ‘உப்பு நீர்த் தொகுப்பு’ என்று சேர்த்து விற்பதில் என்னென்ன அடங்கும் என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். அதில் இருப்பதை எழுத்தில் வாங்குங்கள்.

பிறகு படகின் அடியில் படுத்துப் பாருங்கள். தளத்தைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள், அவற்றைக் குழாயோடு இணைக்கும் பிராக்கெட்டுகள், போல்ட்டுகள் எல்லாம் தெரியும். ஸ்டெயின்லெஸ் போல்ட் 316 வகையாக இருப்பது நல்லது. 304 வகை கடலோரத்தில் பழுப்புக் கறை பிடிக்கும். துத்தநாகம் பூசிய சாதாரண இரும்பு போல்ட் எங்காவது இருந்தால் அன்றே மாற்றுங்கள்.

ஸ்டெயின்லெஸ்ஸும் அலுமினியமும் தொடும் இடத்தில் அளவுக் கணக்கு ஒன்று உண்டு. பெரிய அலுமினியத் தகட்டில் சின்ன ஸ்டெயின்லெஸ் போல்ட் இருந்தால் கேடு பரவலாகப் பிரிந்து மெதுவாக நடக்கும். பெரிய ஸ்டெயின்லெஸ் தகட்டை ஒரு சின்ன அலுமினிய ரிவெட் பிடித்திருந்தால், அந்த ரிவெட் வெகு சீக்கிரம் பொடியாகிவிடும். ஏணி, நங்கூரத் தாங்கி, கைப்பிடி என்று நீங்களாக எதைச் சேர்த்தாலும் இதை நினைவில் வையுங்கள். போல்ட்டின் தலைக்குக் கீழே நைலான் வாஷர் போட்டு, மரைக்கும் துளைக்கும் அரிப்புத் தடுப்புப் பசை தடவுங்கள். மரை சிக்காமல் இருக்கத் தடவும் பசைகளில் செம்புத் துகளோ கிராஃபைட்டோ கலந்தது ஆகவே ஆகாது. இரண்டும் அலுமினியத்துக்கு எதிரி. குழாயில் மட்டும் எதற்காகவும் துளை போடாதீர்கள்.

தளப் பலகை மரமா என்றும் பாருங்கள். செம்பு ஏற்றிய ஒட்டுப்பலகை அலுமினியச் சட்டத்தின்மேல் நேராக உட்கார்ந்திருந்தால் நடுவில் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் நாடா இருக்க வேண்டும். அடித்தளத்தை மூடிய அலுமினியத் தகடு சில படகுகளில் உண்டு. அலை அடிப்பதைக் குறைக்கும், பார்க்கவும் அழகு. ஆனால் உப்பு நீரில் அதுவே பொறி: உள்ளே தெறித்த உப்பு வெளியே வராது, கழுவும் நல்ல தண்ணீரும் உள்ளே போகாது. அந்தத் தகடு இல்லாமல் வாங்க முடிந்தால் வாங்குங்கள். ஏற்கெனவே இருந்தால் இரு முனைகளிலும் தண்ணீர் வடிய வழி இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள்.

அனோடு: எந்த உலோகம், எத்தனை, எங்கே

அனோடு என்பது அலுமினியத்துக்குப் பதிலாகத் தான் கரைந்து போகும் உலோகக் கட்டி. துறையில் பொதுவாக ‘ஜிங்க்’ என்றே சொல்வார்கள், அது துத்தநாகமாக இல்லாவிட்டாலும். மூன்று வகை கிடைக்கும். துத்தநாகம் கடலில் நன்றாக வேலை செய்யும். ஆனால் கழிமுகம் போல உப்பு குறைந்த நீரில் மேலே கெட்டியான தோல் பிடித்து உறங்கிவிடும். அனோடுக்கென்றே கலவை செய்த அலுமினியம் கடலிலும் கழிமுகத்திலும் வேலை செய்யும். ஒரு கிலோவுக்குத் துத்தநாகத்தைப் போல மூன்று மடங்கு மின்னூட்டம் தரும், எடையும் குறைவு. மக்னீசியம் நன்னீருக்கு மட்டும். கடலில் அது வாரக்கணக்கில் கரைந்து காணாமல் போவதோடு, அளவுக்கு மீறிப் பாதுகாத்துப் பூச்சையும் உரித்துவிடும். ஆகவே பான்டூனுக்கு அலுமினிய அனோடே சரி. குழாயில் ஒரு வகை, மோட்டாரில் வேறு வகை என்று கலக்கக் கூடாது. கலந்தால் வலுவானது பலவீனமானதற்கும் சேர்த்து உழைத்துச் சீக்கிரம் தீரும்.

ஏழு மீட்டருக்குள் இருக்கும் இரட்டைக் குழாய்ப் படகுக்கு, குழாய் ஒன்றுக்கு இரண்டு அனோடு என்று தொடங்கலாம்: பின்முனையில் ஒன்று, நடுவில் ஒன்று. மூன்று குழாய் என்றால் நடுக் குழாய்க்கும் அதே கணக்கு. அனோடை எப்போதும் நீருக்குள் இருக்கும் இடத்தில், தயாரிப்பாளர் வெல்டு செய்து விட்ட காதுகளில் போல்ட் போட்டுப் பொருத்துங்கள். காது இல்லை என்றால் அலுமினியம் வெல்டு செய்யத் தெரிந்தவரிடம் கொடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அனோடு வேலை செய்யாமல் போவதற்கு முக்கால்வாசிக் காரணம் தொடர்பு இல்லாமைதான். தொடும் இடம் பளபளவென்று வெறும் உலோகமாக இருக்க வேண்டும். பெயின்ட், கிளியர் கோட், ஆக்சைடு எதுவும் நடுவில் கூடாது. மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, அனோடுக்கும் குழாய்க்கும் இடையில் பாருங்கள். 1 ஓமுக்குக் கீழே, கிட்டத்தட்ட சுழியமாகக் காட்ட வேண்டும். ஒரு குழாய்க்கும் இன்னொரு குழாய்க்கும் இடையிலும், குழாய்க்கும் மோட்டாரின் கீழ்ப்பகுதிக்கும் இடையிலும் இதையே செய்யுங்கள். ரப்பர் திண்டு வைத்த இணைப்புகளில் தொடர்பு அறுந்திருக்கலாம். அப்படியானால் வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியால், நீர்மட்டத்துக்கு மேலே, இரண்டையும் இணைத்துவிடுங்கள். அனோடின் மேல் பெயின்ட் அடிக்காதீர்கள். அடிப்பூச்சு வேலையின்போது கைதவறி அடித்துவிடுவது அடிக்கடி நடப்பது. அனோடு புதுசாகவே இருக்கும், குழாய் கரைந்துகொண்டிருக்கும்.

போதுமா என்று ஊகிக்க வேண்டியதில்லை, அளக்கலாம். வெள்ளி–வெள்ளி குளோரைடு ஒப்பீட்டு மின்முனையை வாங்கி, மல்டிமீட்டரின் எதிர்முனையில் செருகி, படகின் அருகே நீருக்குள் தொங்கவிடுங்கள். நேர்முனையால் குழாயின் வெறும் உலோகத்தைத் தொடுங்கள். பாதுகாப்பில்லாத அலுமினியம் சுமார் −750 மில்லிவோல்ட் காட்டும். −950 முதல் −1100 வரை இருந்தால் நல்லது. −900க்கு மேலே சுழியத்தை நோக்கி நகர்ந்தால் அனோடு போதவில்லை அல்லது தொடர்பு விட்டுவிட்டது. −1200ஐத் தாண்டிப் போனால் அதுவும் கேடு: உலோகத்தின் மேற்பரப்பில் காரம் உருவாகும், அலுமினியம் காரத்திலும் கரையும். அதிகம் போட்டால் அதிகப் பாதுகாப்பு என்ற கணக்கு இங்கே செல்லாது.

பாதி கரைந்ததும் மாற்றுங்கள். வழக்கமாக ஒரு பருவம் தாங்கிய அனோடு சில வாரங்களில் தீர்ந்தால், புது அனோடு போடுவதோடு விட்டுவிடாமல் மின்கசிவைத் தேடுங்கள்.

அடிப்பூச்சு

தண்ணீரிலேயே நிற்கும் படகுக்கு இரண்டு அடுக்குகள் வேண்டும். உள்ளே எப்பாக்ஸி (ஹார்ட்னர் என்ற இறுக்கும் திரவத்தோடு கலந்து அடிக்கும் பிசின்) தடுப்புப் பூச்சு. வெளியே கொட்டலசும் (ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் சிறு கடலுயிர்) பாசியும் ஒட்டாமல் தடுக்கும் பூச்சு. எப்பாக்ஸி அலுமினியத்தைக் கடல்நீரிலிருந்தும் வெளிப்பூச்சிலிருந்தும் பிரித்து வைக்கிறது.

வெளிப்பூச்சு வாங்கும்போது டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். ‘குப்ரஸ் ஆக்சைடு’ என்று இருந்தால் அதைத் திருப்பிக் கொடுங்கள். கண்ணாடியிழைப் படகுக்கு அருமையான அந்தச் செம்புப் பூச்சு, அலுமினியத்தில் ஒரு கீறல் விழுந்தாலே அங்கே மின்கலம் போல வேலை செய்து ஓட்டை போடும். ‘குப்ரஸ் தயோசயனேட்’ கொண்டவற்றை, எப்பாக்ஸி முழுசாக இருந்தால், அலுமினியத்துக்கு ஏற்றது என்று டப்பாவிலேயே எழுதியிருந்தால், அடிக்கலாம். செம்பே இல்லாத வகைகளும் உண்டு. மனநிம்மதிக்கு அதுதான் நல்லது.

அளவைக் கணக்கிடுங்கள். 6.7 மீட்டர் நீளம், 63.5 சென்டிமீட்டர் விட்டம் உள்ள குழாயின் சுற்றளவு 2 மீட்டர். பாதி மூழ்கும், இரு பக்கமும் மேலே கொஞ்சம் ஏற்றி அடிப்போம் என்று 1.2 மீட்டர் வைத்தால், ஒரு குழாய்க்கு 8 சதுர மீட்டர், இரண்டுக்கு 16. லிட்டருக்கு 8 சதுர மீட்டர் என்றால் ஒரு கோட்டுக்கு 2 லிட்டர். எப்பாக்ஸி நான்கு கோட், 8 லிட்டர். வெளிப்பூச்சு இரண்டு கோட், 4 லிட்டர்; நீர்மட்டக் கோட்டிலும் முன்மூக்கிலும் மூன்றாவது கோட்டுக்கு அரை லிட்டர் கூடுதல்.

எவ்வளவு உயரம் வரை? எரிபொருள் நிரப்பி, ஏறக்கூடிய ஆட்கள் எல்லோரும் ஏறிய நிலையில் நீர்மட்டத்தைக் குறித்து, அதற்கு மேல் 5 முதல் 7 சென்டிமீட்டர். காலிப் படகின் நீர்மட்டத்தை வைத்துக் கோடு போட்டால், கோட்டுக்கு மேலே பாசி தாடி போலத் தொங்கும்.

இனி வேலை. முதலில் எண்ணெய்ப் பசையைக் கரைப்பானால் துடையுங்கள். துணியைத் திருப்பித் திருப்பிப் போட வேண்டும், இல்லாவிட்டால் அழுக்கை இங்கிருந்து அங்கே பரப்புவதுதான் மிஞ்சும். துடைத்த பிறகே தேய்க்க வேண்டும். முதலில் தேய்த்தால் எண்ணெயை உலோகத்துக்குள்ளேயே அழுத்திவிடுவீர்கள். தொழிற்சாலை கிளியர் கோட் இருந்தால் அதை முழுதாக நீக்குங்கள். 80ஆம் எண் உப்புத்தாளால் பளபளப்பு போய் மங்கும் வரை தேயுங்கள். இரும்புக் கம்பி பிரஷ் கூடாது. இரும்புத் துகள் அலுமினியத்தில் பதிந்து துருவுக்கு விதை போடும்.

அடுத்த அடிதான் முக்கியம். தேய்த்த அலுமினியத்தில் ஆக்சைடு உடனே மீண்டும் வளரத் தொடங்கும். தூசியைத் துடைத்து, ஒரு மணி நேரத்துக்குள் முதல் எப்பாக்ஸி கோட் ஏறிவிட வேண்டும். தனியாளாக வேலை செய்தால் ஒரு குழாயின் பாதி, பிறகு மறுபாதி என்று பிரித்துக்கொள்ளுங்கள். இன்று தேய்த்து நாளை அடிப்பது, பூச்சு ஏடு ஏடாக உரிவதற்கு நிச்சய வழி. ஹார்ட்னரைக் கண்ணால் அளக்காமல் டப்பாவில் சொன்ன விகிதத்திலேயே கலக்குங்கள். 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே எப்பாக்ஸி இறுகுவது மிகவும் தாமதமாகும். உலோகத்தின் வெப்பம் பனிப்புள்ளிக்கு, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலைக்கு, 3 டிகிரியாவது மேலே இருக்க வேண்டும். அதிகாலையில் குழாய் கண்ணுக்குத் தெரியாமல் வியர்த்திருக்கும்.

நான்கு கோட் முடியும்போது உலர்ந்த தடிமன் சுமார் 250 மைக்ரான் சேரும். வெல்டு தையல்களிலும் விளிம்புகளிலும் ரோலர் பூச்சை இழுத்து மெலிதாக்கிவிடும். அங்கே முதலில் பிரஷ்ஷால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். கடைசி எப்பாக்ஸி கோட் முழுதாகக் காயும் முன், விரலால் அழுத்தினால் ரேகை பதிய வேண்டும், ஆனால் பூச்சு விரலில் வரக் கூடாது. அந்தப் பதத்தில் வெளிப்பூச்சின் முதல் கோட்டை ஏற்றினால் இரண்டும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும். பதம் தவறினால் எப்பாக்ஸி காய்ந்த பிறகு மறுபடி தேய்க்க வேண்டும். அனோடு, ஆழமானியின் உணரி இரண்டையும் முன்பே நாடா ஒட்டி மறையுங்கள்.

மின்சாரம்

மற்ற அரிப்பெல்லாம் மாதக்கணக்கில் செய்வதை மின்கசிவு நாட்களில் செய்துவிடும். குழாயையோ சட்டத்தையோ எதிர்முனைக் கம்பியாகப் பயன்படுத்தக் கூடாது. ஒவ்வொரு விளக்குக்கும் பம்புக்கும் போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி. கம்பி வெள்ளீயம் பூசிய செம்பாக இருக்கட்டும். தளத்துக்குக் கீழே இணைப்பு எதுவும் வேண்டாம். தவிர்க்க முடியாவிட்டால் உள்ளே பசை உள்ள, சூடாக்கினால் சுருங்கும் குழல் போட்டு மூடுங்கள். பேட்டரியின் நேர்முனையிலிருந்து 18 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். வெட்டி விழுந்த செம்புக் கம்பித் துண்டு, நாணயம், தூண்டில் முள் ஆகியவை சட்டத்தின் மூலையில் ஈரத்தோடு கிடந்தால் அந்த இடத்தில் குழி விழும். வேலை முடிந்ததும் பொறுக்கி எடுங்கள்.

சோதனை எளிது. எல்லா சுவிட்சுகளையும் அணைத்துவிட்டு, பேட்டரியின் நேர்முனைக் கம்பியைக் கழற்றி, முனைக்கும் கம்பிக்கும் நடுவே மல்டிமீட்டரை மில்லிஆம்பியர் அளவில் வையுங்கள். ரேடியோவின் நினைவகம் போலத் தெரிந்த இழுப்பு தவிர வேறெதுவும் காட்டக் கூடாது. பிறகு மறுபடி இணைத்து, ஒப்பீட்டு மின்முனையை நீரில் விட்டு, கருவிகளை ஒவ்வொன்றாகப் போட்டு அணைத்துப் பாருங்கள். எதைப் போடும்போது குழாயின் மில்லிவோல்ட் எகிறுகிறதோ அதில்தான் கசிவு.

கரை மின்சாரத்தில் சார்ஜர் செருகினால், அதன் நிலத்தொடர்புக் கம்பி வழியாக உங்கள் குழாய்கள் பக்கத்துப் படகுகளோடும் இரும்புத் துறையோடும் இணைந்துவிடும். உங்கள் அனோடு ஊருக்கே உழைக்கும். இதற்கு நிலத்தொடர்புக் கம்பியில் கால்வானிக் ஐசொலேட்டர் (அரிப்பை உண்டாக்கும் சிறு மின்னோட்டத்தை மட்டும் தடுக்கும் கருவி) பொருத்த வேண்டும். அந்தக் கம்பியை வெட்டிவிட்டால் பிரச்சினை தீரும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நீரில் இருப்பவரின் உயிருக்கே ஆபத்து. பான்டூனுக்குப் பெரும்பாலும் ஒரு சின்ன சோலார் தகடே போதும், கரைக் கம்பி தேவைப்படாது.

மோட்டார்

நிறுத்தும்போதெல்லாம் மோட்டாரை முழுதாகத் தூக்கி நீருக்கு வெளியே வையுங்கள். கடலில் ஓட்டிய ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணீர் விட்டு 5 முதல் 10 நிமிடம் அலசுங்கள். காதுமூடி போன்ற அலசும் கருவியைப் போட்டால், முதலில் தண்ணீரைத் திறந்து, பிறகு மோட்டாரை வெற்றோட்டத்தில் இயக்குங்கள். மோட்டாரின் பக்கவாட்டில் தண்ணீர்க் குழாய் மாட்டும் வாய் இருந்தால் பெரும்பாலான மாடல்களில் மோட்டாரை அணைத்தே அலச வேண்டும், கையேட்டைப் பாருங்கள். அலசி முடித்ததும் நேராக நிறுத்தி வடியவிட்ட பிறகு தூக்குங்கள். அலசாமல் விட்டால் உப்பு முதலில் படிவது தெர்மோஸ்டாட்டில். பிறகு மோட்டாரிலிருந்து பீச்சும் குளிர்நீர்த் தாரை மெலியும், மோட்டார் சூடாகும். சிலிண்டர் பக்கத்தில் உள்ளே மறைந்திருக்கும் சின்ன அனோடுகளை ஆண்டுக்கு ஒருமுறை கழற்றிப் பாருங்கள். புரொப்பெல்லரைப் பருவத்துக்கு இரண்டு முறையாவது கழற்றித் தண்டில் கிரீஸ் தடவாவிட்டால் அது தண்டோடு இறுகிக்கொள்ளும்.

கழுவுதல்

மேலே மட்டும் கழுவினால் அது அலங்காரம். உப்பு உட்காரும் இடம் தளத்தின் அடிப்பக்கம்: குறுக்குச் சட்டம், பிராக்கெட், போல்ட் தலை. படகு லிஃப்டில் இருந்தால் புல்வெளிக்குப் பயன்படும் தெளிப்பானை அடியில் வைத்துப் பத்து நிமிடம் மேல்நோக்கி அடிக்க விடுங்கள். அழுத்தம் தேவையில்லை, அளவுதான் தேவை. ‘மினுமினுப்பாக்கும்’ அமிலக் கரைசல்களை வழக்கமாக்காதீர்கள், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உலோகத்தைத் தின்கின்றன. இருக்கைகளை மிதமான சோப்பு நீரில் கழுவி நன்றாகக் காயவிட்டு மூடுங்கள். பிளீச் தையல் நூலை இற்றுப்போகச் செய்யும். உறைக்குக் காற்று வழி வேண்டும்.

கரையேற்றும்போது

கொட்டலசை ஈரம் காயும் முன் பிளாஸ்டிக் சுரண்டியால் தள்ளுங்கள். காய்ந்துவிட்டால் அதன் அடித்தட்டு சிமென்ட் போல நின்றுவிடும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றினால் கொட்டலசு கரையும். கூடவே அலுமினியமும் கரையும்.

வெள்ளைப் பொடி, பூச்சில் கொப்புளம், ஊசிமுனைக் குழி ஆகியவற்றைத் தேடுங்கள். கொப்புளத்தைக் குத்திப் பார்த்து, கீழே வெள்ளைப் பசை இருந்தால் அங்கே அரிப்பு நடக்கிறது. வெறும் உலோகம் வரை தேய்த்து, அன்றே எப்பாக்ஸியில் தொடங்கி எல்லாக் கோட்டுகளையும் மறுபடி ஏற்றுங்கள்.

படகு ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் குழாய்க்குள் தண்ணீர் போயிருக்கிறது. வடிகால் திருகைத் திறந்து வடியுங்கள். வந்தது கரிக்கிறதா என்று பார்த்தால், ஓட்டையா, உள்ளே வியர்த்த நீரா என்பது தெரிந்துவிடும். ஓட்டை என்றால், அந்த அறைக்குள் கைப்பம்பால் மெதுவாகக் காற்றேற்றுங்கள். 2 பிஎஸ்ஐக்கு மேல் போகக் கூடாது. கம்ப்ரசரை நேராக மாட்டினால் குழாய் உப்பி வெல்டு பிளக்கும். சோப்பு நீரைத் தடவி, குமிழி வரும் இடத்தைக் குறியுங்கள். வெல்டருக்கு 5356 நிரப்புக் கம்பி வேண்டும் என்று சொல்லுங்கள். வெல்டு செய்யும்போது அந்த அறையின் திருகு திறந்தே இருக்க வேண்டும், உள்ளே சூடாகும் காற்று வெளியேற அதுதான் வழி.